பாடினியின் குரலும் புலமையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் டி.கே. பட்டம்மாளின் பல்லவித் திறம் குறித்துக் கட்டுரை படித்தேன். தாள அமைப்பையும் சொற்கட்டையும் எடுத்துக்காட்டி முடித்தபின், தலைமை தாங்கிய பெரியவர் முடிவுரையில், "தேனினும் இனிய குரல் அந்த அம்மையாருக்கு" என்று ஒரே தொடரில் என் கட்டுரை முழுவதையும் சுருக்கிவிட்டார். அவையில் கைதட்டல் எழுந்தது. அவர் கூறியது பாராட்டே, ஐயமில்லை. ஆயினும் ஏதோ ஒன்று பறிபோனது போன்ற உணர்வுடன் இருக்கைக்குத் திரும்பினேன். ஆண் பாடினால் 'வித்துவம்', பெண் பாடினால் 'இனிமை' என்று பாகம் பிரித்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகின், தமிழிசை வரலாற்றின் பழைய ஏடுகளையே புரட்ட வேண்டியிருக்கிறது.

திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் வரலாற்றை உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. தில்லையில் செல்லரித்த ஏடுகள் கிடைத்தன, பதிகங்கள் கிடைத்தன, பண் கிடைக்கவில்லை. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை நாடுமாறு இறையருள் உணர்த்திற்று என்றும், அவள் பாடக் கேட்டே தேவாரப் பண்முறை வகுக்கப்பட்டது என்றும் அப்புராணம் உரைக்கும். புராணச் செய்தியை அவ்வாறே வரலாறாகக் கொள்வதில் தயக்கம் இருக்கலாம். ஆனால் அச்செய்தி ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. ஏடு எழுத்தைக் காத்தது. இசையை ஒரு பெண்ணின் நினைவு காத்தது. மன்னன் பெயர் உண்டு, தொகுத்தவர் பெயர் உண்டு, ஊரின் பெயரும் உண்டு. பண்ணைத் தந்தவளின் பெயர் மட்டும் இல்லை. சம்பந்தரோடு உடன் சென்ற யாழ்ப்பாணரின் துணைவியார் மதங்கசூளாமணியாருக்காவது பெயர் எஞ்சியது.

சங்கப் பாடல்களின் பாடினியும் விறலியும், அரங்கேற்று காதையின் மாதவியும் நம் வட்டத்தில் பலமுறை பேசப்பட்டவர்கள், விரிப்பின் பெருகும். ஒன்றை மட்டும் நினைவூட்டுவேன். ஏழிசைப் பெயர்களுள் முதலாவதற்குக் 'குரல்' என்றே நம் முன்னோர் பெயரிட்டனர். மிடற்றொலிக்கும் அதுவே பெயர். குரல் என்பது வாய்த்த வரம் மட்டுமன்று, நின்று பழகிய நிலையும் ஆகும் என்பதற்கு இச்சொல்லே சான்று எனலாம்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். பெங்களூர் நாகரத்தினம்மாளை (1878–1952) நாம் திருவையாற்றில் தியாகராசர் நினைவிடத்தைத் தம் பொருள்கொண்டு எழுப்பியவராக அறிவோம். அங்கே பெண்கள் பாடுவதற்கு இருந்த தடையை எதிர்த்து நின்றவரும் அவரே. அவர் பதிப்பாசிரியர் என்பதைப் பலரும் அறியார். தஞ்சை மராட்டியர் அவையில் வாழ்ந்த முத்துப்பழநி என்னும் பெண் கவிஞர் தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்த்வனமு' என்னும் காப்பியத்தை, முந்தைய பதிப்பில் விடுபட்ட பகுதிகளையும் சேர்த்து 1910இல் அவர் வெளியிட்டார். அரசு அந்நூலைத் தடைசெய்தது. நாடு விடுதலை பெறும் காலம் வரை அத்தடை நீங்கவில்லை. ஒரு பெண் கவிஞரின் நூலை மீட்டெடுக்க ஒரு பாடகி முன்வந்தார் என்பது கவிஞர்கள் நிறைந்த இம்மலரில் பதியப்பட வேண்டிய செய்தி.

இனி, என் நெஞ்சுக்கு மிக நெருங்கிய குரல். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1908இல் காவிரிக் கரையில், சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய அதே தலத்தில் பிறந்தார். வறுமையில் கழிந்த இளமை. சிறுமியாகவே நாடக மேடை. அந்நாளைய நாடகக் கொட்டகையை இன்றைய தலைமுறை மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லை. நாடகம் இரவு தொடங்கி விடியலில் முடியும். தரைச் சீட்டு வாங்கிக் கடைக்கோடியில் அமர்ந்தவனுக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். விளங்காவிடில் அவன் வாளாவிருக்க மாட்டான். அப்பெரும் கூட்டமே அவருக்குப் பள்ளியாயிற்று. எந்த உயிரெழுத்தைத் திறந்து நீட்டினால் ஒலி தொலைவு செல்லும், எந்த வல்லினத்தை அழுத்தினால் சொல் சிதையாது நிற்கும், மூச்சை எங்கே வாங்கினால் பதம் இரண்டாகாது என்பனவெல்லாம் அங்கே நாள்தோறும் தேர்வுக்கு உள்ளாயின.

நம் இலக்கணத்தார் அளபெடையை ஓசை குறைந்தவிடத்து நிறைப்பது என்றனர். யாப்பு வகுப்பில் மாணவியர்க்கு அதனை விளக்க முற்படும்போதெல்லாம் நான் சுந்தராம்பாள் பாட்டைத்தான் சான்றாகக் கொள்வது வழக்கம். அவர் நீட்டும் இடங்களைக் கூர்ந்து கேளுங்கள். நெடிலிலோ, சீரின் ஓசை தானே இடங்கொடுக்கும் இடத்திலோதான் பெரும்பாலும் நீட்சி நிகழும். மேல்தாயியில் நிற்கும் சுரம் நடுங்காது. வேண்டாத கமக அலங்காரம் அதன்மேல் ஏறாது. ழகரமும் றகரமும் தத்தம் இடத்தில் ஒலிக்கும். கச்சேரி மேடைகளில் தாளத்துக்காகச் சொல்லை முறித்துப் பொருளைக் கொன்றவர்கள் பலருண்டு. (பெயர் சொன்னால் மலர்க்குழுவினர்க்குச் சங்கடம்.) சுந்தராம்பாளிடம் அக்குறையை நான் அரிதாகவே கண்டேன்.

1927இல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். இருவரும் ஒரே மேடையில் உயர்ந்த சுருதியில் எதிரெதிர் நின்று பாடியது அக்காலத்துத் திருவிழாவாக இருந்தது. இல்வாழ்க்கையில் மனக்கசப்பும் பிரிவும் வந்தன. 1933 திசம்பரில் கிட்டப்பா 28 வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். அன்று 25 வயதினரான சுந்தராம்பாள் வெண்ணிற ஆடைக்கு மாறினார். இறுதி வரை அக்கோலத்தை மாற்றவில்லை. கைம்பெண் என்றால் மூலையில் முடங்க வேண்டும் என விதித்திருந்த சமுதாயத்தில், அவர் அக்கோலத்துடனேயே மேடைக்குத் திரும்பினார். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நடித்தார். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். 1953இல் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. துறவும் முதுமையும் பூண்ட பாத்திரங்களுக்கே அவரைத் திரையுலகம் அழைத்தது என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. ஆனால் தமிழ் மக்களின் மனத்தில் ஔவைக்கு ஒரு குரல் உண்டென்றால் அது அவருடையதே.

பட்டம்மாளின் வழி வேறு. காஞ்சியில் வளர்ந்து, 1930களின் தொடக்கத்தில் சென்னை மேடையேறிய அவர், பிராமணக் குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையில் பாடுதல் தகாது என்றிருந்த காலத்தில் அக்கட்டை உடைத்தார். இராகம் தானம் பல்லவி ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. நெடுநேரம் கணக்குத் தவறாமல் தாளத்தைக் கையிலும், கற்பனையை மிடற்றிலும், சொல்லை நாவிலும் ஒருங்கே நிறுத்த வேண்டிய துறை அது. அவர் குரலில் கனம் உண்டு, நிதானம் உண்டு. கீழ்த்தாயியில் நின்று பேசும் ஆழம் உண்டு. 'குயில்' என்ற உவமை அவருக்குச் சற்றும் பொருந்தாது. 1947 ஆகத்து 15இல் வானொலியில் பாரதி பாடல்களைப் பாடியவரும் அவரே. 1942இல் ஏற்படுத்தப்பட்ட 'சங்கீத கலாநிதி' பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, வழங்கப்பட்டது 1968இல். 1970இல் பட்டம்மாள் அதனைப் பெற்றார். வீணை தனம்மாளின் பேர்த்தி பிருந்தாவுக்கு 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. எத்தனையோ வித்துவான்கள் அவரிடம் சென்று பதம் பாடம் கேட்டு வந்த பின்னரும்!

ஒலிவாங்கி வந்தபின் குரலின் இலக்கணம் மாறிற்று. தொலைவுக்கு எறிய வேண்டிய தேவை நீங்கவே, மெல்லொலியும் மூச்சின் நுண்மையும் மதிப்புப் பெற்றன. இதனை வீழ்ச்சி என்று சொல்லும் முதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பி. சுசீலாவைக் கேளுங்கள். தெலுங்கு நாட்டு விசயநகரத்தில் பிறந்து, தமிழைக் கற்றுப் பாடியவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பலரும் தவறவிடும் ழகரத்தை அவர் தவறவிட்டதில்லை. ஒலிவாங்கிக்கு அருகில் நின்று, குரலை உயர்த்தாமலே ஒரு சொல்லின் உணர்ச்சியை முழுமையாக ஏற்றிவிடும் கலை அவருடையது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது தொடங்கிய ஆண்டிலேயே, 1968ஆம் ஆண்டுக்குரியதை, 'உயர்ந்த மனிதன்' படப்பாடலுக்காக அவர் பெற்றார். அடுத்த ஆண்டுக்குரிய விருது யாருக்குப் போயிற்று தெரியுமா? 'துணைவன்' படத்துக்காக, அறுபதைக் கடந்த சுந்தராம்பாளுக்கு. ஒலிவாங்கி வளர்த்த குரலும் ஒலிவாங்கியே அறியாமல் வளர்ந்த குரலும் அடுத்தடுத்து ஒரே அவையில் நின்ற அந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் வியப்படைகிறேன்.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். 'ஔவையார்' படத்தைக் கரூர்ப் பக்கத்து டூரிங் கொட்டகை ஒன்றில், மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து, மூன்று நாள் தொடர்ந்து பார்த்ததாகச் சொல்வார். வீட்டில் ஆண்கள் இல்லாத வேளையில் அப்பாடல்களை உரலருகே நின்று உரத்துப் பாடுவார். காலடி ஓசை கேட்டால் நிறுத்திவிடுவார். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த நாளில், சுந்தராம்பாள் குரலில் அப்படி என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். இனிமை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

"அந்தம்மா பாடுனா ஒரு எழுத்துக்கூடக் கீழ விழுகாது, கண்ணு" என்றார்.