கறுப்பர் நகரம்

பட்டு நெய்யும் நம் ஆரணியிலிருந்து சென்னைக்குச் செல்வோர், உயர்நீதிமன்றத்தின் செந்நிற மாடங்களை வியந்து நோக்குகின்றனர். 1892-இல் திறக்கப்பட்ட அம்மாளிகை நிற்கும் மண்ணுக்கு முன்னாளில் வழங்கிய பெயரை அறிந்தோர் சிலரே. கறுப்பர் நகரம்! நம் முன்னோர் வாழ்ந்த பகுதிக்கு ஆங்கிலக் கும்பெனி சூட்டிய பெயர் அது.

1639-இல் கும்பெனி அக்கடற்கரையில் இடம் பெற்றது எதற்காக? துணிக்காக! நெய்வோரும் சாயமிடுவோரும் வெளுப்போரும் விற்போரும் வந்து கூடினர், நகரம் வளர்ந்தது. 1734-இல் நெசவாளரைக் குடியேற்றவே சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது. தறியால் வளர்ந்த நகரில், கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். துணி தந்தவனுக்கு வெளியே கறுப்பர் நகரம்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து 1749-இல் திருப்பித் தந்தனர். பின்னர், பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டுமென்று பழைய கறுப்பர் நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. அப்பால் எழுந்த புதிய நகரைச் சுற்றி மதில் கட்டினர். செலவை மக்கள் தலையில் வரியாகச் சுமத்தவும் எண்ணினர். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

நிறம் ஒன்றே காரணமா? ஆர்மேனியர் கறுப்பரா? கிறித்தவரல்லரா? எனினும் 1749-க்குப்பின் கோட்டைக்குள் குடியிருக்க அவர்களுக்கும் தடை வந்தது. ஆதிக்கத்துக்கு என்றும் ஒரு சாக்கு வேண்டும். நிறம் உதவாவிடில் வேறொன்று கிடைக்கும். அந்த ஆர்மேனியருள் ஒருவரான கோஜா பெத்ரூஸ் உஸ்கான்தான், 1726-இல் தம் சொந்தப் பொருளால் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது பாலம் கட்டினார். கறுப்பரும் வெள்ளையரும் அதன்மீது நடந்தனர். இன்று அவ்விடத்தில் நிற்கும் பாலம், தனித்தமிழ் கண்ட மறைமலை அடிகளின் பெயர் தாங்கியது. பிரித்தவர்கள் மதில் கட்டினர். பிரிக்கப்பட்டவன் பாலம் கட்டினான்!

வெள்ளையன் கிழித்த கோட்டைக் கண்டு சினக்கிறோம். நேரிய சினம்தான். ஆனால், தோழர்களே, கறுப்பர் நகருக்குள் நாம் வாழ்ந்த வாழ்வு என்ன? 1707-இல் எவர் ஊர்வலம் எத்தெருவில் செல்வது என்று வலங்கையாரும் இடங்கையாரும் மோதினர். தெருக்களைப் பிரித்துக் கொடுக்க ஆளுநர் தாமஸ் பிட் முன்வர வேண்டியதாயிற்று. ஆதிதிராவிடர் வலங்கையைச் சேர்ந்தவராகவே எண்ணப்பட்டனர். சண்டையில் அவர்களுக்கு இடமுண்டு, தெருவில் இடமில்லை! அவர்கள் வாழ்ந்தது சேரியில்.

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரே பசி. ஆயினும் 1921-இல் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதியால் பிளந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வென்றவன் வெள்ளை முதலாளி. நாம் கிழித்த கோடே அவனுக்குக் கோட்டையாயிற்று.

இன்றும் வாடகைக்கு வீடு கேட்டு வருவோரிடம் "நீங்கள் என்ன ஆளுங்க?" என்று வினவும் வாய்கள் நகரில் உண்டு. வடபுலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியை "வடக்கன்" என்று இகழும் நாக்கும் உண்டு. கறியும் மீனும் சமைக்கலாகாது என்ற நிபந்தனைக்குள் சாதி ஒளிந்திருக்கவில்லையா?

கறுப்பர் நகரம் என்ற பெயரை மாற்றித் தம் மன்னன் ஜார்ஜின் பெயரை ஆங்கிலேயரே சூட்டிவிட்டனர். நாம் கிழித்த கோடுகளை அழிக்க எந்த மன்னனும் வரப்போவதில்லை. கிழித்த கைகளே அழித்தாக வேண்டும்.