ஆண், பெண்... அந்த மூணாவது கதவு யாருக்கு? 'அனைவருக்குமான' கழிப்பறை பற்றி ஏன் இவ்வளவு விவாதம்?

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். நைட் பஸ். மணி ஒன்று. ஹைவேயில் ஒரு மோட்டல் வாசலில் வண்டி நிற்கிறது. "பத்து நிமிஷம்தான் நிக்கும், சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். தூக்கக் கலக்கத்தோடு எல்லோரும் இறங்குகிறார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நம்மில் பலருக்கு இதில் யோசிக்க எதுவுமே இல்லை.

ஆனால், அதே பஸ்ஸில் ஆறு வயது மகளோடு ஓர் அப்பா இருக்கிறார். ஆண்கள் பக்கம் மகளைக் கூட்டிப்போக அவருக்கு மனசு வரவில்லை. பெண்கள் பக்கம் அவர் போக முடியாது. வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிய மகனுக்கும் அதே சிக்கல். கடைசி சீட்டில் ஒரு திருநங்கை இறங்கவே இல்லை. ஆண்கள் பக்கம் போனால் சீண்டல், பெண்கள் பக்கம் போனால் முறைப்பு. அதனால், சாயங்காலத்திலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் யூரினரி இன்ஃபெக்‌ஷனில் கொண்டுபோய் விடலாம்.

இவர்கள் எல்லோருக்கும் தேவை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரே ஒரு ரூம். 'ஜெண்டர் நியூட்ரல் டாய்லெட்' என்ற பேச்சு ஆரம்பிப்பது இங்கேதான். ஆனால், இந்தப் பெயரைச் சொன்னதுமே பாதிப் பேர் "சூப்பர்" என்கிறார்கள், பாதிப் பேர் "ஐயோ" என்கிறார்கள். ஏன்?

முதலில், அது என்ன?

எந்தப் பாலினத்தைச் சேர்ந்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, அவ்வளவுதான். ஆனால், இதில் இரண்டு டைப் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சண்டையே வருகிறது.

டைப் 1: ஒரு ரூம், ஒரு டாய்லெட், ஒரு வாஷ்பேசின், உள்ளே ஒரு தாழ்ப்பாள். ஒரு நேரத்தில் ஒருவர் (அல்லது உதவிக்கு ஆள் தேவைப்படுபவர்) மட்டும்தான் உள்ளே இருப்பார். சின்ன கஃபேக்களில் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டு பாத்ரூமும் ரயில் பெட்டியின் டாய்லெட்டும் இந்த வகைதான். சென்னையிலிருந்து டெல்லி வரை ஒரே டாய்லெட்டை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டு போகிறோம். அதற்கு 'ஜெண்டர் நியூட்ரல்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

டைப் 2: ஒரு பெரிய ஹால், வரிசையாகத் தடுப்பு அறைகள், பொதுவான வாஷ்பேசின். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். மக்கள் பயப்படுவது பெரும்பாலும் இதை நினைத்துத்தான்.

இன்னொன்றும் உண்டு. 'திருநங்கையர் கழிப்பறை' என்று தனியாகக் கட்டுவது. இது ஜெண்டர் நியூட்ரல் கிடையாது. தேவைப்படுபவர்களுக்கு இது பாதுகாப்பான இடம் என்பவர்களும் உண்டு. "அந்தக் கதவுக்குள்ள போனாலே நான் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே" என்று தயங்குபவர்களும் உண்டு. திருநம்பிகளுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகமாக இருக்கலாம்.

ஆண்/பெண் போர்டு எப்போது வந்தது?

ஏதோ ஆதிகாலத்திலிருந்தே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால், சட்டமாக வந்து 140 வருஷம்கூட ஆகவில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலை வேலைக்கு வந்தபோது, 1887-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் வேலையிடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. இந்தியாவில் 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆண், பெண் தொழிலாளர்களுக்குத் தனித்தனியாக, மூடிய கழிப்பறை இருக்க வேண்டும் என்றது.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தனிக் கழிப்பறை இல்லாமல் எத்தனையோ பெண்கள் வேலையை விட்டிருக்கிறார்கள், வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் இருக்கிறார்கள். 'பெண்கள்' என்று எழுதிய அந்தக் கதவு, போராடிக் கிடைத்த ஒன்று. அதனால்தான் "அதை எடுத்துடலாம்" என்றால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைப் பிற்போக்குத்தனம் என்று ஒதுக்கிவிடுவது சரியில்லை.

"வேண்டாம்" என்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்று விஷயங்கள்.

பாதுகாப்பு: "ஆம்பளைங்களும் வர்ற இடத்துல எப்படி நம்பிப் போறது?" ரகசிய கேமரா பயம் இருக்கிற காலத்தில் இது நியாயமான கேள்வி.

பிரைவசி: பீரியட்ஸ் நேரத்தில் நாப்கின் மாற்றுவது, கறை பட்ட துணியை அலசுவது இதையெல்லாம் முன்பின் தெரியாத ஆண்கள் பக்கத்தில் நிற்கும்போது செய்யப் பிடிக்காது.

சுத்தம்: நின்றுகொண்டே போய் சீட்டை நனைத்துவிட்டு வருபவர்களுக்குப் பிறகு யார் உட்கார்வது? சிரிப்பாக இருந்தாலும், இது ரொம்ப சீரியஸான காரணம்.

"வேணும்" என்பவர்கள்?

திருநர் சமூகத்துக்கு இது அடிப்படைத் தேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' பிரிவில் பதிவானவர்கள் மட்டும் இந்தியாவில் 4.87 லட்சம் பேர். அதோடு மகளைக் கூட்டிவரும் அப்பா, மகனைக் கூட்டிவரும் அம்மா, மனைவியைக் கவனித்துக்கொள்ளும் கணவர் என்று லிஸ்ட் நீளும்.

இன்னொரு சுவாரஸ்யமான காரணம், க்யூ! தியேட்டரில் இன்டர்வெல் விட்டால் பெண்கள் பக்கம் மட்டும் வரிசை நிற்குமே, அது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கூட்ட நேரத்தில் பெண்கள் 6 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் இடத்தில், எல்லோருக்கும் பொதுவான அறைகளாக்கினால் ஒன்றரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆண்களின் காத்திருப்பு மட்டும் கொஞ்சம் கூடும்.

மக்கள் தீர்ப்பு: ஒரே நாடு, இரண்டு பதில்

அமெரிக்காவில் இது ஓட்டுப்பெட்டி வரைக்கும் போனது. 2015-ல் ஹூஸ்டன் நகரத்தில், திருநர் உட்படப் பலரையும் பாகுபாட்டிலிருந்து காக்கும் ஒரு விதிமுறை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்த்தவர்கள் பிரசாரம் முழுவதையும் 'பெண்கள் பாத்ரூமில் ஆண்கள் வேண்டாம்' என்ற ஒரே கோஷத்தில் குவித்தார்கள். சுமார் 61 சதவிகிதம் பேர் எதிராக ஓட்டுப் போட, விதிமுறை ரத்தானது.

மூன்றே வருடத்தில், 2018-ல் மாசசூசெட்ஸில் இதேபோல ஒரு வாக்கெடுப்பு. 1887-ல் தனிக் கழிப்பறைச் சட்டம் போட்ட அதே மாகாணம்தான்! பொது இடங்களில் திருநருக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் தொடரட்டும் என்று சுமார் 68 சதவிகிதம் பேர் சொன்னார்கள். அங்கே அந்தச் சட்டம் ஏற்கெனவே இரண்டு வருடங்களாக நடைமுறையில் இருந்தது. இப்படிப்பட்ட விதிமுறைகள் இருந்த மாசசூசெட்ஸ் ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு, 2018-ல் ஓர் ஆய்வும் வந்தது. விதிமுறைகளால் கழிப்பறைகளில் குற்றங்கள் கூடியதற்கான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை.

டோக்கியோ கற்றுக்கொடுத்த பாடம்

2023 ஏப்ரலில் டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியில் ஒரு பிரமாண்டமான டவர் திறந்தார்கள். பார்களும் இரவுநேரக் கொண்டாட்டமும் நிறைந்த ஏரியா அது. டவரின் இரண்டாவது மாடியில் டைப் 2 பாணியில் பொதுக் கழிப்பறை. "பயமா இருக்கு" என்று பெண்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. செக்யூரிட்டியை நிறுத்தினார்கள், தடுப்புகள் வைத்தார்கள். கடைசியில் நாலே மாதத்தில் ஆண், பெண் எனப் பிரித்துவிட்டார்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும், இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்தாத டிசைன் காலை வாரிவிட்டது.

அமெரிக்காவின் 'டார்கெட்' கடைகள் வேறு வழியில் போயின. 2016-ல் "உங்கள் பாலின அடையாளத்துக்கு ஏற்ற கழிப்பறையைப் பயன்படுத்தலாம்" என்று அறிவித்ததும், புறக்கணிப்பு மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கடை பின்வாங்கவில்லை. ஆனால், தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் கழிப்பறை இல்லாத கிளைகளில் அதைக் கட்ட 2 கோடி டாலர் ஒதுக்கியது. ஆண், பெண் கழிப்பறைகளும் இருக்கட்டும், கூடவே டைப் 1-ம் இருக்கட்டும் என்ற கணக்கு.

நம் ஊரில் என்ன நிலைமை?

* 2014: திருநரை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்த 'நால்சா' தீர்ப்பில், அவர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.
* 2017: தூய்மை இந்தியா திட்ட வழிகாட்டுதலில், திருநர் தாங்கள் விரும்பும் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு கூறியது.
* 2020: திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் வந்தன. நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய சம வாய்ப்புக் கொள்கையில், எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை உதாரணமாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது.
* 2021: டெல்லி மெட்ரோ, மாற்றுத்திறனாளிகளுக்கான 347 தனிக் கழிப்பறைகளைத் திருநரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.
* டி.ஒய்.சந்திரசூட் தலைமை நீதிபதியாக இருந்தபோது, உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே அனைவருக்குமான 9 கழிப்பறைகள் அமைக்க ஒப்புதல் தரப்பட்டது.

தமிழ்நாடு 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். ஆனாலும், நம் பஸ் ஸ்டாண்ட்களிலும் மோட்டல்களிலும் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு கதவுகள்தான்.

அப்போ எது வொர்க் அவுட் ஆகும்?

மேலே சொன்ன எல்லா ஊர்க் கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மக்கள் சம்மதிப்பதும் எதிர்ப்பதும் போர்டில் உள்ள எழுத்தைவிட, உள்ளே இருக்கும் தாழ்ப்பாளைப் பொறுத்துத்தான். ஸோ, ஒரு காலேஜோ ஆபீஸோ கடையோ இதை ஆரம்பிக்க நினைத்தால்:

1. பெண்கள் கழிப்பறையில் கை வைக்காதீர்கள். இருப்பதோடு ஒரு ரூம் கூட்டுங்கள்.
2. தரையிலிருந்து கூரை வரை சுவர், உறுதியான தாழ்ப்பாள், உள்ளேயே வாஷ்பேசின்.
3. வாசல், ஆள் நடமாட்டமுள்ள, வெளிச்சமான இடத்தில் இருக்கட்டும். சந்துக்குள் வேண்டாம்.
4. நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, குழந்தைக்கு டயப்பர் மாற்ற ஒரு மேடை.
5. வீல்சேர் நுழையும் அகலம் இருக்கட்டும். ஆனால், மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கும் ஒரே கழிப்பறையை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அவர்களை க்யூவில் நிற்க வைக்காதீர்கள்.
6. சுத்தம் செய்ய ஆள், அவருக்கு ஒழுங்கான சம்பளம். இது இல்லாவிட்டால் மேலே சொன்ன ஐந்தும் வேஸ்ட்.
7. போர்டில் 'கழிப்பறை - அனைவருக்கும்' என்று எழுதினால் போதும்.

நம் பங்குக்கு?

சீட்டை நனைத்தால் துடைத்துவிட்டு வருவது மினிமம் மரியாதை. பக்கத்தில் ஒருவர் "தப்பான" கழிப்பறைக்குள் வந்துவிட்டதாகத் தோன்றினால், முறைப்பதற்கு முன் ஒரு விநாடி யோசிக்கலாம். அவரும் நம்மைப்போல ரொம்ப நேரமாக அடக்கிக்கொண்டு வந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். அதே நேரம், கதவு சரியாகப் பூட்டவில்லை, லைட் எரியவில்லை, ஏதோ சந்தேகமாக இருக்கிறது என்றால் தயங்காமல் புகார் செய்யுங்கள். பாதுகாப்பைக் கேட்டுப் பெறுவது யாருடைய உரிமைக்கும் எதிரானது கிடையாது.

அந்த நைட் பஸ்ஸுக்கே திரும்பி வருவோம். மோட்டல் ஓரத்தில் தாழ்ப்பாளோடு ஒரு தனி ரூம் இருந்தால், அப்பாவும் மகளும் போய்விட்டு வருவார்கள். மகன் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போவார். கடைசி சீட்டில் இருப்பவர் அடுத்த முறை பஸ் ஏறும்போது, பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.