கற்றை நிற்கும் இடம்: வெற்றிட மென்படலப் பூச்சில் எலக்ட்ரான் கற்றையின் நகர்வு

மன்னார் வளைகுடாவில் விளையும் முத்தும், சுண்ணாம்பு சுடுவதற்காகக் கரையில் குவித்துவைக்கும் சாதாரணச் சிப்பி ஓடும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். ஒன்று ஒளிர்கிறது, மற்றது ஒளிர்வதில்லை. முத்தில் அந்தப் பொருள் அரகோனைட் படிகத் தகடுகளாக, ஒவ்வொன்றும் சுமார் அரை மைக்ரான் தடிமனில், இடையே மிக மெல்லிய கரிமப் படலத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது. அரை மில்லிமீட்டர் பூச்சுக்குள் ஏறத்தாழ ஆயிரம் அடுக்குகள் அடங்குகின்றன. சி.வி.இராமன் 1930களிலேயே சிப்பி ஓடுகளின் வண்ண ஒளிர்வை ஆராய்ந்தார். 1954இல் டி.கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் ஒளியியலையும் விளக்கினார். அடுக்குகளில் நிகழும் எதிரொளிப்பு, விளிம்பு விளைவு, சிதறல் ஆகியவை சேர்ந்தே முத்தின் ஒளியை உண்டாக்குகின்றன என்பது அந்த ஆய்வுகளின் சாரம். 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே.அழகர்சாமி தலைமையிலான குழு முத்துச் சிப்பிக்குள் ஓட்டு உருண்டையையும் மேலுறைத் துண்டையும் பதித்து வளர்ப்பு முத்தை எடுத்தது. அந்த வெற்றி முத்துப்பையின் மீது நின்றது. பதித்த துண்டு உருண்டையை முழுவதும் சூழ்ந்து பையாக வளர்கிறது. பூச்சு எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் ஏறுகிறது. வெற்றிட அறையில் எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு மென்படலம் பூசுவோருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அங்கே பொருள் ஒற்றை இடத்திலிருந்து புறப்படுகிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது கற்றையின் நகர்வு. ஆகவே கற்றையின் நகர்வைக் கருவியின் துணை வசதியாகக் கருதும் வழக்கம் தவறு என்றும், ஆற்றல், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றுக்கு இணையான முதன்மை மாறியாக அதைப் பதிவுசெய்து கட்டுப்படுத்த வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

அறையின் அழுத்தம் ஒரு மில்லிபாரில் லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதாமல் சராசரியாக ஆறு மீட்டருக்கு மேல் செல்லும். அறையின் உயரமோ ஒரு மீட்டர் அளவுதான். எனவே பூசும் பொருளை வைத்த மூசையிலிருந்து எழும் ஆவி நேர்கோட்டில் போய் மேலே உள்ள கண்ணாடிகளில் ஒட்டுகிறது. வழியில் கலந்து சமன்படுவதற்கு இடமே இல்லை. கீழே மூசைக்கு அருகில் மறைவாக உள்ள டங்ஸ்டன் இழை சூடாகி எலக்ட்ரான்களை வெளியிடுகிறது. 6,000 முதல் 10,000 வோல்ட் வரையிலான மின்னழுத்தம் அவற்றை முடுக்குகிறது; நிலைக்காந்தம் 270 பாகை வளைத்து மூசைக்குள் இறக்குகிறது. இழை ஆவியின் பார்வையில் படாமல் காக்கவே இந்த வளைவு. நீரால் குளிர்விக்கப்படும் செப்பு அடுப்பில் மூசை இருக்கிறது. 10,000 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்றால் 5 கிலோவாட். அது முழுவதும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியில் விழுகிறது. அந்தப் புள்ளியை முன்பின்னாகவும் இடவலமாகவும் நகர்த்த இரண்டு மின்காந்தச் சுருள்கள் உண்டு. பல கூடங்களில் அவற்றின் குமிழை ஒருமுறை திருப்பி, கற்றை நடுவில் விழுவதைக் கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்துவிட்டு, பிறகு தொடுவதில்லை.

விழும் இடம் மின்னழுத்தத்தைச் சார்ந்தது என்பதை ஓர் எளிய கணக்கே காட்டிவிடும். 10,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் 0.01 டெஸ்லா காந்தப் புலத்தில் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளைகிறது. ஆரம் மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். மின்னழுத்தம் 4 விழுக்காடு தளர்ந்தால் ஆரம் 2 விழுக்காடு சுருங்கும். முக்கால் வட்டத்தின் முடிவில் புள்ளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: மூசைக்கும் கண்ணாடிக்கும் இடையே அரை மீட்டருக்கு மேல் தொலைவு இருக்கும்போது 1 மில்லிமீட்டர் நகர்வால் என்ன கெட்டுவிடும்? வடிவியல் அளவில் மட்டும் பார்த்தால் ஒன்றும் கெடாது. கோணம் பத்தில் ஒரு பாகை அளவே மாறும். ஆனால் கேடு அந்தக் கோணத்தால் வருவதில்லை. புள்ளி நின்ற இடத்தில் பொருளின் மேற்பரப்பு என்ன வடிவம் கொள்கிறது என்பதால் வருகிறது.

பொருளுக்குப் பொருள் இது வேறுபடும். அலுமினியம் உருகிக் குளமாகிவிடும். வெப்பம் விரைவில் பரவும், உருகிய பொருள் தானே சமன்படும். கற்றை சற்று அலைந்தாலும் குளம் அதைப் பொறுத்துக்கொள்ளும். உலோகப் பூச்சு மட்டும் செய்யும் கூடங்களில் கற்றை நகர்வு பெரிய சிக்கலாகத் தெரியாததற்கு இதுவே காரணம், அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. சிலிக்கன் டை ஆக்சைடு அப்படிப்பட்டதன்று. வெப்பம் அதற்குள் மிக மெதுவாகவே பரவுகிறது: நூறில் ஒரு நொடியில் 0.2 மில்லிமீட்டர் அளவு, ஒரு முழு நொடியிலும் 2 மில்லிமீட்டர் அளவுதான். உருகி ஓடுவதற்குள் மேற்பரப்பிலிருந்தே ஆவியாகிவிடும். ஆகவே கற்றை நின்ற இடத்தில் குழி விழுகிறது. மேற்பரப்பு தட்டையாக இருக்கையில் ஆவி அகல விரிகிறது. குழி ஆழமானால் அதன் சுவர்கள் ஓரத் திசைகளை அடைத்து ஆவியை மேல்நோக்கி ஒடுக்குகின்றன; குழி சாய்ந்திருந்தால் ஆவியும் சாய்கிறது. 1 மில்லிமீட்டர் நகர்வு அரை மணி நேரம் நீடித்தால் மூசைக்குள் ஒரு புதிய நிலப்பரப்பே உருவாகிவிடும். கண்ணாடி மேல் ஏறும் படலத்தின் தடிமன் பங்கீடு அந்த நிலப்பரப்பின் நேரடி விளைவு. 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கான கால் அலைநீள அடுக்கு டைட்டானியம் டை ஆக்சைடில் சுமார் 60 நானோமீட்டர், சிலிக்கன் டை ஆக்சைடில் சுமார் 94 நானோமீட்டர். இத்தகைய அடுக்குகளால் ஆன ஒளி வடிகட்டியில் எல்லா அடுக்குகளும் நூற்றுக்கு ஒன்று மெலிந்தால் அதன் நிறமும் ஐந்தரை நானோமீட்டர் நீலப்பக்கம் நகர்ந்துவிடும்.

தடிமனை அளக்கக் குவார்ட்ஸ் படிகமானி இருக்கிறதே, அது கற்றையின் ஆற்றலைத் தானே கூட்டிக் குறைத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுமே என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். வலுவான வாதம், ஆனால் அதன் வலு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. படிகம் ஒரே இடத்தில் இருக்கிறது, ஒரே கோணத்து ஆவியைத்தான் பார்க்கிறது. அங்கே சேர்ந்த தடிமனைக் கண்ணாடியில் சேர்ந்த தடிமனாக மாற்ற ஒரு நிலையான விகிதத்தைப் பயன்படுத்துகிறோம். ஆவியின் பரவல் மாறாதவரைதான் அந்த விகிதம் செல்லும். குழி ஆழமாகி ஆவி ஒடுங்கும்போது, ஓரத்தில் வைத்த படிகத்துக்குக் குறைவான ஆவியே வரும். கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பொருள் போதாமை என்று கொண்டு ஆற்றலைக் கூட்டும். கூட்டிய ஆற்றல் குழியை இன்னும் ஆழமாக்கும்; நடுவிலுள்ள கண்ணாடிகளில் பூச்சு தடிக்கும். படிகம் நடு உச்சியில் இருந்தால் இதற்கு நேர்மாறு: ஆற்றல் குறைந்து ஓரக் கண்ணாடிகள் மெலியும். இரண்டு நிலைகளிலும் திரையில் தெரியும் வீதம் அமைதியாகவே இருக்கும். பிழையைத் திருத்த வைத்த சுற்று பிழையை மறைக்கும் சுற்றாக மாறுவதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. ஒளியியல் கண்காணிப்பு இதைவிட மேலானது, சந்தேகமில்லை. ஆனால் அதுவும் தான் பார்க்கும் கண்ணாடியில் மட்டுமே அடுக்கைச் சரியான தருணத்தில் நிறுத்துகிறது; கண்ணாடிகளைத் தாங்கும் குவிமாடத்தின் மறு ஓரத்தில் என்ன ஏறியது என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

கண்ணாடிகளைச் சுழற்றினால் எல்லாம் சமன்படும் என்ற இன்னொரு வாதமும் உண்டு. சுழற்சி ஒரு வளையத்தைச் சுற்றியுள்ள வேறுபாடுகளைச் சமன்செய்யும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான வேறுபாட்டை எளிய சுழற்சியால் போக்க முடியாது. அதற்காகவே சிலர் கோள் போன்ற இரட்டைச் சுழற்சியையும், பலர் உலோகத் தகட்டை வெட்டிச் செய்த மறைப்பையும் பயன்படுத்துகிறார்கள். மறைப்பின் வளைவு ஒரு குறிப்பிட்ட ஆவிப் பரவலுக்காக வெட்டப்பட்டது. பரவல் மாறிய நாளில் அதே மறைப்பு தவறான இடத்தை மறைக்கிறது. எனவே மறைப்பைத் துல்லியமாக வெட்டுமளவுக்குக் கற்றையின் நகர்வையும் துல்லியமாக நிலைநிறுத்த வேண்டிய கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

நகர்வை நிலைநிறுத்துவது என்றால் கற்றையை அசையாமல் பிடித்துவைப்பது என்று பொருளன்று. கற்றை ஓட வேண்டும். எங்கே எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது நம் முடிவாக இருக்க வேண்டும். பழைய கருவிகள் பல சுருளுக்குச் சைன் அலை மின்னோட்டத்தைத் தருகின்றன. சைன் அலையில் ஊசலாடும் புள்ளி திரும்பும் இடங்களில் தயங்குகிறது: வீச்சின் வெளி 13 விழுக்காட்டுப் பகுதியில் அது மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கழிக்கிறது. செப்பு அடுப்பு ஓரத்தைக் குளிர்விப்பதால் ஓரத்தில் கூடுதல் நேரம் வேண்டும் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். சில பொருள்களில் அது உண்மையும்கூட. ஆனால் தேவைப்படும் கூடுதல் எவ்வளவு என்பதைப் பொருளின் வெப்பக் கடத்தல் சொல்ல வேண்டும், அலை வடிவத்தின் தற்செயல் சொல்லக்கூடாது. இரு சுருள்களின் அதிர்வெண்கள் 2:3 போன்ற எளிய விகிதத்தில் அமைந்துவிட்டால் புள்ளி திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் ஓடிப் பள்ளம் பறிக்கும். நொடிக்கு ஒருமுறை மட்டும் சுற்றும் மெதுவான வீச்சில், கற்றை வந்த இடம் கொதிக்கும், அது விட்டுப்போன இடம் குளிர்ந்துவிடும். ஆவி துடிப்புத் துடிப்பாக எழும். டைட்டானியம் ஆக்சைடில் இது நேரே படலத்தின் தன்மையைத் தாக்குகிறது. அறைக்குள் சீராக விடும் ஆக்சிஜனுக்கும் ஏறும் பொருளுக்கும் உள்ள விகிதம்தான் படலம் முழுமையாக ஆக்சைடு ஆகிறதா, ஒளியை உறிஞ்சுகிறதா என்பதை முடிவுசெய்கிறது. துடிப்பின் உச்சியில் ஏறிய படிவு ஆக்சிஜனுக்குப் பசித்தே இருக்கும். சராசரி வீதத்தைக் காட்டும் மானியில் அது தெரியாது. படிவு வீதம் அடுக்கின் தரத்தை ஆள்வதை முத்து வளர்ப்போரும் அறிவர்: ஜப்பானியர் அகோயா முத்தைக் குளிர்காலத்தில் எடுப்பது, குளிர்ந்த நீரில் மெதுவாகவும் மெலிதாகவும் ஏறும் கடைசி அடுக்குகள் ஒளியைக் கூட்டுகின்றன என்பதற்காகத்தான்.

எலக்ட்ரான் கற்றை முறையே பழையதாகிவிட்டது, தெறிப்பு முறையும் அயனித் துணையும் வந்த பிறகு இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்போரும் இருக்கிறார்கள். தொலைத்தொடர்புக்கான மிகக் குறுகிய அலைவரிசை வடிகட்டிகளுக்குத் தெறிப்பு முறையே உகந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அயனித் துணை என்பது பெரும்பாலும் எலக்ட்ரான் கற்றையால் எழுப்பிய ஆவியின் மேல்தான் செயல்படுகிறது. அயனிகள் படிந்த பொருளை நெருக்கி அடர்த்தியாக்கும். கோணல் ஆவியை நேராக்கா. உயர் ஆற்றல் லேசர்களுக்கான பெரிய ஆடிகளில் இன்றும் எலக்ட்ரான் கற்றைப் பூச்சு நிலைத்திருக்கிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக லேசர் ஆய்வகம் தன் பெரிய ஆடிகளை இம்முறையிலேயே பூசுகிறது. லேசரின் தாக்குதலை இப்படலங்கள் நன்கு தாங்குவது இதற்கு முக்கியக் காரணம்.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இந்த விவாதத்தில் தனி இடம் உண்டு. எலக்ட்ரான் கற்றைப் படலம் நெருக்கமற்ற தூண்களாக வளர்வதால் இடைவெளிகளில் காற்றின் ஈரம் புகுகிறது. ஒளிவிலகல் எண் உயர்ந்து வடிகட்டி நீண்ட அலைநீளப் பக்கம் நகர்கிறது. வெற்றிடத்துக்குப் போனால் ஈரம் வெளியேறி அது நீலப்பக்கம் திரும்புகிறது. இக்கடற்கரையில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ஏவுதளம் சிறிய செயற்கைக்கோள்களைச் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ஏவூர்திக்கானது. அச்செயற்கைக்கோள்களின் கேமராக்களிலும் விண்மீன் உணரிகளிலும் உள்ள வடிகட்டிகள் தரையில் ஈரக் காற்றில் அளக்கப்பட்டு வெற்றிடத்தில் வேலை செய்யப் போகின்றவை. இந்த நகர்வின் அளவு படலத்தின் நுண்துளைகளைப் பொறுத்தது. நுண்துளைகள் ஆவி வந்த கோணத்தையும் வீதத்தையும் பொறுத்தவை. அந்தக் கோணமும் வீதமும் கற்றையின் ஓட்டத்தைப் பொறுத்தவை. ஈரக் காற்றில் திறந்து மூடும் அறையின் சுவர்களில் நீர் ஒட்டுவதால் கரையோரக் கூடத்தில் வாயு வெடிப்பும் மின்பொறியும் கூடும். ஒவ்வொரு பொறிக்கும் உயர் மின்னழுத்தம் விழுந்து எழும், புள்ளியும் தாவும். கச்சாப் பொருளோ இம்மண்ணிலேயே கிடக்கிறது: இந்தத் தென்கரை மணலின் இல்மனைட்டில் டைட்டானியமும் சிர்க்கானில் சிர்க்கோனியமும் உண்டு. உயர் ஒளிவிலகல் எண் கொண்ட படலங்களுக்கு அவற்றின் ஆக்சைடுகள்தான் வேண்டும்.

இவ்வாதத்தைச் சோதிப்பது எளிது. எந்தப் பல்கலைக்கழகப் பூச்சுக்கூடமும் செய்யலாம். இரு சுருள்களின் மின்னோட்டத்தையும் உயர் மின்னழுத்தத்தையும் படிகமானியின் வீதத்தோடு சேர்த்து நொடிக்கு நொடி பதிவுசெய்ய வேண்டும். குவிமாடத்தின் நடுவிலும் பாதி ஆரத்திலும் ஓரத்திலும் சாட்சிக் கண்ணாடிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் முடிந்தபின் மூசையின் மேற்பரப்பை அளந்து குழியின் ஆழத்தையும் சாய்வையும் குறிக்க வேண்டும். அதே கண்ணாடிகளை உலர்ந்த நைட்ரஜனிலும் கடற்காற்றிலும் வைத்து நிறமாலை எடுக்க வேண்டும். சிலிக்கன் டை ஆக்சைடிலும் டைட்டானியம் ஆக்சைடிலும் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான தடிமன் வேறுபாடு குழியின் வடிவத்தோடும், குழியின் வடிவம் சுருள் மின்னோட்டத்தோடும் சேர்ந்து மாறினால் இங்கே சொன்னது நிற்கும். வீதம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் விழும்.