நால்வர் தொடங்கிய கழகம்

ஊர் கூடித் தேர் இழுத்தல் தமிழ் மக்கள் நன்கறிந்த காட்சி. வடத்தைப் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கினர். அவர்களை விட, தேர்ச் சில்லின் அருகே முட்டுக்கட்டையுடன் நடந்துவரும் ஒரு சிலரையும் அங்கே காணலாம். ஓட்டத்தை மட்டுப்படுத்துவதும், வீதியின் திருப்பத்திலே தேரைத் திசை மாற்றுவதும் அவர்கள் கையிலுள்ள அந்தக் கட்டையே. ஆயினும் பேச்சு வழக்கிலே, முட்டுக்கட்டை போடுபவன் என்றால் நற்காரியத்துக்கு இடையூறு செய்பவன் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. சங்கங்களிலும் கழகங்களிலும் தலைவரின் கருத்தை மறுத்துரைக்கும் அங்கத்தவருக்கும் இப்பெயரே கிடைக்கிறது. அப்பெயர் எப்பொழுதும் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தரும் வரலாறு ஒன்று, 1905ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே தொடங்குகிறது.

அக்காலச் சிக்காகோ புகையும் ஆரவாரமும் நிறைந்த மாநகரம். 1900ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே ஏறக்குறைய 17 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். பிழைப்பு நாடிப் பல திசைகளிலிருந்தும் வந்து குவிந்த அம்மக்களிடையே அறிமுகமற்ற தனிமையே மிகுந்திருந்தது. அவர்களுள் ஒருவர் போல் ஹரிஸ் என்னும் சட்டத்தரணி. 1868இல் பிறந்த இவர், வெர்மொன்ற் மாநிலத்து வோலிங்போட் என்னும் சிற்றூரிலே பாட்டன் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தவர். 1891இல் சட்டப் பட்டம் பெற்றபின், ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிப் பல தொழில்கள் செய்து, 1896இல் சிக்காகோவிலே நிலைகொண்டார். தொழில் நடந்தது, வருவாயும் வந்தது. ஆனால், பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்க ஒருவரும் இல்லாத வாழ்க்கை அவருக்குப் பெருஞ் சுமையாயிருந்தது.

ஒருநாள் மாலை, சக சட்டத்தரணி ஒருவருடன் நகரின் புறத்தேயுள்ள ஒரு பகுதியிலே உலாவச் சென்றார். வழியிலிருந்த கடைக்காரரையெல்லாம் அந்த நண்பர் பெயர் சொல்லி அழைத்து ஹரிசுக்கு அறிமுகப்படுத்தினார். தாம் வளர்ந்த சிற்றூரின் நினைவு ஹரிசுக்கு எழுந்தது. மாநகரத்தின் நடுவே சிற்றூரின் நட்புறவை உண்டாக்க முடியாதா என்ற எண்ணம் அன்று முளைத்தது. அது செயலாவதற்கு ஐந்தாண்டுகள் சென்றன.

1905 பெப்ரவரி 23ஆம் நாள் மாலை, டியர்போண் வீதியிலிருந்த யூனிட்டிக் கட்டிடத்தின் 711ஆம் இலக்க அறையிலே நால்வர் கூடினர். சுரங்கப் பொறியியலாளர் குஸ்ரேவஸ் லோயரின் அலுவலகம் அது. மற்றவர்கள் நிலக்கரி வணிகர் சில்வெஸ்ரர் ஷீலி, தையற்கலைஞர் ஹிரம் ஷோரி, சட்டத்தரணி ஹரிஸ் ஆகியோர். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவரைச் சேர்த்து ஒரு நட்புக் கழகம் அமைப்பதே நோக்கம். கூட்டங்களை ஒவ்வோர் அங்கத்தவரின் தொழிலகத்திலும் மாறி மாறிச் சுழன்று நடத்தியமையால், சுழற்சியைக் குறிக்கும் றோட்டரி என்னும் பெயர் கழகத்துக்கு அமைந்தது.

இங்கே கவனித்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. கழகத்தைத் தோற்றுவித்த ஹரிஸ் அதன் முதல் தலைவரல்லர். அப்பதவியை ஏற்றவர் நிலக்கரி வணிகர் ஷீலி. இரண்டாம் தலைவரும் வேறொருவரே. மூன்றாவதாகவே, 1907இல், ஹரிஸ் தலைவரானார். ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர் அதன் நாற்காலியைத் தம் உடைமையாகக் கருதாதிருத்தல் எளிதன்று. அந்த நல்வழக்கம் முதலாண்டிலேயே வேரூன்றியது.

ஆனால், அக்காலத்து றோட்டரிக் கழகம் இன்று அறியப்படுவது போன்ற தொண்டுக் கழகமாக இருக்கவில்லை. அங்கத்தவர் ஒருவரோடொருவர் வாணிகம் செய்து பயன் பெறுவதே அதன் முதல் நோக்கம். நிலக்கரி வேண்டின் ஷீலியிடம் வாங்குதல். அச்சு வேலையாயின் அங்கத்தவரான ஹரி ரகிள்சிடம் கொடுத்தல். இவ்வாறு தொழில்கள் கை மாறின. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்துவைக்கத் தனியே ஓர் அலுவலரும் இருந்தார். நட்புறவை வளர்த்தல் இரண்டாவது நோக்கம். இவ்விரண்டையன்றி மூன்றாவது நோக்கம் இருக்கவில்லை.

1906ஆம் ஆண்டிலே, பிரெடெரிக் ருவீட் என்னும் அங்கத்தவர், டொனல்ட் காட்டர் என்பவரைக் கழகத்திற் சேருமாறு அழைத்தார். காட்டர் புத்தாக்க உரிமங்கள் சம்பந்தமான வழக்குகளை நடத்தும் சட்டத்தரணி. கழகத்தின் அமைப்பு விதிகளை வாசித்தார். வாசித்துவிட்டுச் சேர மறுத்தார். தன் அங்கத்தவருக்கன்றி வேறொருவருக்கும் பயன்படாத கழகம் நெடுநாள் நிலைக்காது என்பதும், வாழுகின்ற நகரத்துக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்பதும் அவர் கருத்து.

இந்நிலையிலே ருவீட் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். குறை சொல்பவர் எமக்கு வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம்; பெரும்பாலார் செய்வது அதுவே. ருவீட்டோ, அந்தக் குறையை உள்ளே வந்து திருத்துங்கள் என்று காட்டரை வேண்டினார். காட்டர் சேர்ந்தார். சிக்காகோவின் நலனை வளர்த்தலும், குடிமக்களிடையே நகரப் பற்றைப் பரப்புதலும் கழகத்தின் மூன்றாவது நோக்கமாக எழுதப்பட்டன. மறுப்பாக வந்த ஒரு சொல் விதியாக மாறியது. பிற்காலத்தில் உலகெங்கும் விரிந்த தொண்டுக்கெல்லாம் வித்து, கழகத்துக்கு வெளியே நின்ற ஒருவரின் மறுப்பே.

விதியை எழுதுதல் எளிது. அதற்கு உயிர் கொடுத்தல் அரிது. 1907இல் தலைமை ஏற்ற ஹரிஸ் அந்த மூன்றாவது நோக்கத்தைக் கையிலெடுத்தார். முதற்பெரும் பணியாகத் தேர்ந்தது பொதுமக்களுக்கான மலசலகூடம். கேட்பவர் நகைக்கலாம். ஆனால், பல இலட்சம் மக்கள் நடமாடிய அந்நகரின் நடுப்பகுதியிலே வழிச்செல்வோர் இயற்கைக் கடன் கழிக்கப் பொதுவிடம் இருக்கவில்லை. மதுச்சாலைகளிலே ஆண்களுக்கும், பெரிய கடைகளிலே பெண்களுக்கும் அவ்வசதி இருந்ததாகையால், பொது மலசலகூடம் வேண்டியதில்லை என்று மதுபான உற்பத்தியாளரும் பெருங்கடை முதலாளிகளும் எதிர்த்தனர். அவ்விடங்களுக்குட் செல்வோர் எதையேனும் வாங்கவேண்டிய கட்டாயம் உண்டு என்பதே எதிர்ப்பின் உட்பொருள்.

ஹரிஸ் தனித்துப் போராடவில்லை. நகரிலிருந்த பிற பொது அமைப்புக்களின் பிரதிநிதிகளையெல்லாம் அழைத்து ஒரு கூட்டுக் குழு அமைத்தார். புகழைப் பங்கிட்டமையால் வலிமை பெருகியது. ஈற்றில் மாநகர சபை இணங்கியது. நகர மண்டபத்தின் அருகே கூடம் எழுந்தது. தொண்டு செய்ய விழைவோர் தமக்குப் பெருமை தரும் பணி எது என்று தேடாமல், ஊருக்குத் தேவையான பணி எது என்று தேடவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

எனினும், இவ்வரலாற்றிலே ஹரிசை எப்பொழுதும் வெற்றி பெற்றவராகக் காட்டுதல் உண்மையாகாது. கழகம் பிற நகரங்களுக்கும் பரவவேண்டும் என்பது அவர் பேரவா. அங்கத்தவர் பலருக்கோ அது பிடிக்கவில்லை. மாதமிருமுறை கூடி உண்டு மகிழ்ந்து, ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து வாழ்வதிலே அவர்கள் நிறைவு கண்டனர். வேற்றூரில் கழகம் அமைப்பதற்குத் தம் காலமும் பணமும் ஏன் செலவாகவேண்டும் என்று கேட்டனர். கூட்டங்களிலே மனக்கசப்பு வளர்ந்தது. ஒருமுறை வாக்குவாதம் முற்றியபோது, அச்சக உரிமையாளர் ரகிள்ஸ் எழுந்து எல்லோரையும் பாடவைத்துக் கூட்டத்தைக் காப்பாற்றினார் என்று சொல்வதுண்டு. கூட்டங்களிலே சேர்ந்து பாடும் வழக்கம் அவராலேயே ஏற்பட்டது.

ஹரிஸ் என்ன செய்தார்? எதிர்த்தவர்களை வெளியேற்றவில்லை, தாமும் கழகத்தை உடைத்துக்கொண்டு வெளியேறவில்லை. 1908இலே தலைமைப் பதவியிலிருந்து விலகி, தம் எண்ணத்தைத் தாமே உழைத்து நிறைவேற்றத் தலைப்பட்டார். அவ்வாண்டு நவம்பரிலே சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டிலே ஓக்லண்ட், சியாட்டில், லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் முதலிய நகரங்களிலும் கழகங்கள் எழுந்தன. 1910 ஆகஸ்டிலே 16 கழகங்களின் பிரதிநிதிகள் சிக்காகோவிற் கூடித் தேசிய சங்கம் ஒன்றை நிறுவி, ஹரிசையே தலைவராகத் தெரிந்தனர். செயலாளராகத் தெரிவு செய்யப்பட்ட செஸ்லி பெரி 1942 வரை அப்பணியை ஆற்றினார். ஹரிஸ் கனவு கண்டவர். அந்தக் கனவுக்குக் கணக்கும் கடிதமும் ஒழுங்கும் கொடுத்தவர் பெரி. ஒரு கழகத்துக்கு இவ்விருவகைத் தலைமையும் இன்றியமையாதன.

கழகங்கள் பெருகப் பெருகப் பழைய வினாவே பெரிதாய் எழுந்தது. றோட்டரி எதற்காக? தனி மனிதரைத் தம் தொழிலிலே நேர்மையுள்ளவராக ஆக்குவதற்கா? அன்றேல், கழகமாகத் திரண்டு ஊருக்குத் தொண்டு செய்வதற்கா? ஒஹையோ மாநிலத்து எலீறியா நகரில் எட்கர் அலன் என்பவர், 1907இலே வாகன விபத்தில் தம் மகனைப் பறிகொடுத்தவர். தக்க வைத்தியசாலை இல்லாமையே இழப்புக்குக் காரணம் என்று கண்டு, ஊரிலே வைத்தியசாலை அமைக்க உழைத்தார். பின்னர் அங்கவீனமுற்ற சிறுவர்க்காகப் பாடுபட்டுப் பல றோட்டரிக் கழகங்களை அப்பணிக்கு ஈர்த்தார். எல்லாக் கழகங்களும் இத்தகைய பணியை ஏற்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். தலைமையகம் பணியை விதித்தல் தகாது என்றனர் மறுசாரார்.

1923இல் சென்ற் லூயிஸ் மாநாட்டிலே இப்பிணக்குத் தீர்ந்தது. தனக்குப் பயன் தேடும் விருப்புக்கும் பிறருக்குத் தொண்டாற்றும் கடமைக்கும் இடையேயுள்ள போராட்டத்தை இணக்குவதே கழகத்தின் தத்துவம் என்று அம்மாநாட்டுத் தீர்மானம் கூறியது. எப்பணியைச் செய்வது என்பதை அந்தந்தக் கழகமே தீர்மானிக்கலாம். அப்பணி ஊரின் உண்மையான தேவையிலிருந்து எழவேண்டும். அங்கத்தவர் அனைவரின் ஒத்துழைப்பையும் வேண்டுவதாயிருக்கவேண்டும். இயன்றால் அவ்வாண்டுக்குள்ளேயே முடியவேண்டும். வேறொரு நிறுவனம் செவ்வனே செய்யும் பணியில் தலையிடலாகாது. ஊர்தோறும் சங்கம் வைத்திருப்போர் இன்றும் சுவரில் எழுதிவைக்கத் தக்க விதிகள் இவை.

ஆயினும், அங்கத்தவர் கருத்துக்கு இடங்கொடுத்த இவ்வமைப்பே ஒரு காலத்தில் அதற்குச் செவி மூடியதும் உண்டு. கலிபோர்னியாவின் டுவாட்டே நகரக் கழகம் மூன்று பெண்களை அங்கத்தவராகச் சேர்த்தது. ஆண்களுக்கே இடம் என்ற விதியை மீறியதாக, 1978இலே தலைமையகம் அக்கழகத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. கழகம் கலையவில்லை, நீதிமன்றம் சென்றது. 1987 மே 4ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களைச் சேர்க்கும் உரிமையை உறுதி செய்தது. அவ்வாண்டே, பாடசாலை அதிபரான சில்வியா விற்லொக் என்னும் பெண்மணி அக்கழகத்தின் தலைவரானார். 1989இல் உலகம் முழுவதற்குமான விதியும் திருத்தப்பட்டது. 1906இலே ஒரு மறுப்பு விதியாவதற்கு ருவீட் ஒருவரின் பொறுமை போதியதாயிருந்தது. பெரிய நிறுவனமான பின் பத்தாண்டும் நீதிமன்றமும் தேவைப்பட்டன. வளர்ச்சியோடு காது மந்தமாகும் ஆபத்து எந்தச் சங்கத்துக்கும் உண்டு.

கல்கரி நகரத்து ஜேம்ஸ் டேவிட்சன் 1928 முதல் 1931 வரை கீழைத்தேயங்களிலே பயணஞ் செய்து கழகங்களை நிறுவினார். அவ்வழியில் 1929இலே கொழும்பிலும் றோட்டரிக் கழகம் அமைந்தது. சிக்காகோவில் எழுந்த மூன்றாவது நோக்கம் இலங்கைத் தீவுக்கும் பயன் தந்தது. 1985இல் இவ்வியக்கம் உலகக் குழந்தைகளை இளம்பிள்ளை வாதத்திலிருந்து காக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. இலங்கையிலே அந்நோயாற் பீடிக்கப்பட்ட கடைசி நோயாளர் 1993இல் அறியப்பட்டார். நோய் மீண்டும் தலையெடாதிருக்கப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து கிடைத்தல் வேண்டும். 1995இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே, அதற்கென அமைதி நாட்கள் ஏற்படுத்தப்பட்டன. ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தோடு றோட்டரி அங்கத்தவரும் அதற்கு உழைத்தனர். துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த அந்நாட்களிலே தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மருந்து கொடுக்குமிடங்களை நாடினர்.

ஹரிஸ் 1947 ஜனவரியிலே காலமானார். அவர் பெயரை உலகறியும். காட்டரின் பெயரையும் ருவீட்டின் பெயரையும் அறிந்தோர் சிலரே. ஆனால், சேர மாட்டேன் என்று காட்டர் சொல்லாதிருந்தால், அல்லது அச்சொல்லை ருவீட் மதியாதிருந்தால், நால்வர் தொடங்கிய அக்கழகம் நண்பர் சிலர் கூடி வியாபாரம் பேசிய இடமாகவே முடிந்திருக்கும். கிராம முன்னேற்றச் சங்கமாயினும், வாசிகசாலையாயினும், பெற்றோர் ஆசிரியர் சங்கமாயினும், அடுத்த கூட்டத்திலே பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மறுத்துப் பேசுவார். அவரை உட்காரச் சொல்லுமுன் அவர் சொல்வதைத் தலைவர் ஒருமுறை முழுவதும் கேட்டல் நன்று. வீதி திரும்புமிடத்திலே தேருக்கு வேண்டியது அவர் கையிலுள்ள கட்டையாகவும் இருக்கலாம்.