ஐந்து கோல்கள் கற்றுத் தந்த வியூகம்

தேசியக் காற்பந்துக் குழுவுக்குப் புதிய பயிற்றுநர் நியமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அவருடைய வியூகம் என்ன? தற்காப்பில் எத்தனை பேர், தாக்குதலில் எத்தனை பேர்? நாளிதழ்களும் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து விளக்கம் தருகின்றன. ஆனால், வியூகம் என்பது வெறும் எண் கணக்கா? மலேசியக் காற்பந்து வரலாற்றில் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொன்னவர் கே.ராஜகோபால்.

அவர் பொறுப்பேற்ற காலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நாடு மலேசியா. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற நாடு. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், ஆர்.ஆறுமுகம், சந்தோக் சிங் என்ற பெயர்களைக் கேட்டாலே எதிரணிகள் எச்சரிக்கையான காலம் அது. அந்தப் பெருமை 2007இல் அடித்தளம் வரை ஆட்டம் கண்டது. சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் சீனாவிடம் 5-1, உஸ்பெகிஸ்தானிடம் 5-0, ஈரானிடம் 2-0 எனத் தோல்விகள். மூன்றே ஆட்டங்களில் 12 கோல்களை வாங்கி, ஒரே ஒரு கோலைத்தான் மலேசியா போட்டது.

அடுத்து வந்த பி.சத்தியநாதனும் நிலைமையை மாற்றப் போராடினார். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் மலேசியா 5-0 எனத் தோற்றது. அதன் பிறகு அவர் பதவி இழந்தார். இந்த இடத்துக்குத்தான் முன்னாள் தேசிய ஆட்டக்காரரான ராஜகோபால் வந்தார். வெளிநாட்டு நிபுணர் ஒருவரால்தான் இந்தக் குழுவைக் கரையேற்ற முடியும் என்ற குரல் பலமாக ஒலித்த நேரம் அது.

ராஜகோபால் புதுமையான வரைபடம் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. தம்மிடம் இருப்பவர்கள் யார், அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையே முதலில் பார்த்தார். 23 வயதுக்குட்பட்ட குழுவும் அவர் பொறுப்பில் இருந்தது. அந்த இளைஞர்களையே தேசியக் குழுவின் முதுகெலும்பாக்கத் துணிந்தார்.

முதல் சோதனை 2009 டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டி. பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 3-1 எனத் தோல்வி. ஆனால் தாய்லாந்தை 2-1 என வென்று இளைஞர்கள் அரையிறுதிக்கு முன்னேறினார்கள். அங்கே லாவோசை வீழ்த்தி, இறுதியாட்டத்தில் அதே வியட்நாமைச் சந்தித்தார்கள். இம்முறை மலேசியா எதிரணிக்கு இடம் கொடுக்காமல் பொறுமையாக ஆடியது. நேரம் ஏற ஏற வியட்நாமின் பதற்றம் கூடியது. ஆட்டம் முடியும் தறுவாயில் வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர் சொந்த வலைக்குள்ளேயே பந்தை அடித்தார். 1-0. 1989க்குப் பிறகு, இருபது ஆண்டுகள் கழித்து மலேசியாவுக்கு அந்தத் தங்கம் கிடைத்தது.

அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். ஓராண்டு கழித்து அதே கதை மீண்டும் நடந்தபோது அப்படிச் சொல்ல முடியவில்லை.

2010 டிசம்பர் முதல் தேதி. தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணப் போட்டி. ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுடன் முதல் ஆட்டம். முதல் கோலை அடித்தது மலேசியாதான். நோர்ஷாருல் இட்லான் அடித்தார். பிறகு நடந்தது பேரிடி. ஐந்து கோல்களை வாங்கி 5-1 எனக் குழு சுருண்டது. பழைய மலேசியாதான் திரும்பி வந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள்.

அடுத்து வந்த ஆறு ஆட்டங்களின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ராஜகோபாலின் வியூகம் புரியும். தாய்லாந்துடன் 0-0. லாவோசுக்கு எதிராக 5-1. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2-0 என வென்று, ஹனோயில் 0-0 எனத் தடுத்து நிறுத்தியது. இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் இந்தோனேசியாவை 3-0 என வென்றது. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் சுற்றில் 2-1 எனத் தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. முதல் ஆட்டத்தில் மட்டும் ஐந்து கோல்களை வாங்கிய குழு, பிந்திய ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கியது மூன்றே கோல்கள்!

இதுதான் அவருடைய வியூகம். முதலில் வீட்டுக் கதவை இறுகச் சாத்து. பிறகு எதிரணி தடுமாறும் நேரம் பார்த்துப் பாய். சொந்தத் திடலில் கோல் போடு, அதே நேரத்தில் வலையைக் கா. வெளித்திடலில் அந்த முன்னணியைப் பத்திரமாகச் சுமந்து வா. கேட்பதற்கு எளிது. அரங்கமே ஆர்ப்பரிக்கும் ஹனோயில் தொண்ணூறு நிமிடம் ஒழுங்கு குலையாமல் நிற்பது எளிதன்று.

இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் ரசிகர்கள் சிலர் லேசர் ஒளியைப் பாய்ச்சியதால் ஆட்டம் சிறிது நேரம் தடைப்பட்டது. அது வருந்தத்தக்க களங்கம்தான். ஆனால் இரண்டாம் சுற்றில், ஜகார்த்தா ரசிகர்களின் நடுவில், 21 வயது கோல்காவலர் கைருல் ஃபாமி பினால்டி உதையைத் தடுத்ததையும், பிற்பாதியில் சாஃபி சாலி கோல் போட்டதையும் எந்த ஒளியும் தீர்மானிக்கவில்லை. ஐந்து கோல்களுடன் சாஃபி போட்டியின் அதிகக் கோல் அடித்தவரானார். எஸ்.குணாளன், கே.குருசாமி போன்ற இந்திய இளைஞர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை. டிசம்பர் 31ஆம் தேதி நாடு முழுவதும் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது.

வரலாற்றை ஒரு பக்கமாக மட்டும் படிப்பது முறையாகாது. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர் ஜாலான் புசார் திடலில் 5-3 என மலேசியாவை வென்றது. புக்கிட் ஜாலிலில் 1-1. சாத்திய கதவு அங்கே திறந்துகொண்டது. 2012 சுசுகி கிண்ணத்திலும் சிங்கப்பூரிடம் 3-0 எனத் தோற்றுத் தொடங்கிய குழு, மீண்டெழுந்து அரையிறுதி வரை சென்று தாய்லாந்திடம் வீழ்ந்தது. 2013இன் இறுதியோடு ராஜகோபாலின் காலம் முடிந்தது.

அதன் பிறகு 2014, 2018 ஆகிய இரு முறையும் மலேசியா இறுதியாட்டம் வரை சென்று கிண்ணத்தைக் கோட்டைவிட்டது. 2024 போட்டி வரையில், 2010இன் வெற்றி மட்டுமே மலேசியாவின் கணக்கில் இருக்கிறது.

அந்த ஒரு வெற்றி சொல்லும் பாடம் என்ன? ஐந்து கோல் வாங்கிய மறுநாளே பயிற்றுநரை மாற்று என்று கூச்சல் போடுவது எளிது. அன்று அப்படிச் செய்திருந்தால் அந்த டிசம்பர் மாதமே இருந்திருக்காது. ராஜகோபாலிடம் மந்திரம் எதுவும் இல்லை. அறிந்து வளர்த்த இளைஞர்கள் இருந்தார்கள். தோல்வியைப் படிக்கும் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமைக்கு 28 நாள் அவகாசம் கிடைத்தது.

புதிய பயிற்றுநர் எந்த நாட்டவராக இருந்தாலும் அவர் கையில் கொடுக்க வளர்ந்த இளைஞர்கள் இருக்க வேண்டும். கற்றுக்கொள்ள அவகாசமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில், பலகையில் எத்தனை அம்புக்குறி வரைந்தாலும் பந்து வலைக்குள் போகாது.