பொதி காப்போர்



குளத்தைக் கட்டுவித்தவன் பெயர் கல்வெட்டில் நிலைக்கிறது. ஆண்டுதோறும் அதன் கரையைத் திருத்திக் காத்தோரின் பெயரை எவரும் பொறித்து வைப்பதில்லை. கரை உடைந்த அன்றுதான் அவர்தம் தொண்டின் அருமை ஊராருக்குப் புலப்படும். கணினியுலக வரலாற்றிலும் இத்தகையோர் உளர்.

1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன், எவரும் படித்துத் திருத்திப் பிறர்க்கும் வழங்கத்தக்க கட்டற்ற மென்பொருளை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்வாறு தனித்தனியே தோன்றிய ஆக்கங்களை ஒன்றோடொன்று இசையுமாறு பொதிகளாகக் கட்டி வழங்குதற்கு, 1993 ஓகஸ்ட் 16இல் இயன் மேர்டொக் என்னும் இளைஞர் தொடக்கியதே டெபியன் என்னும் தொண்டர் அமைப்பு.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நிரலை ஆக்குவோர் ஒருவர். பொதியைப் பராமரிப்போர் பெரும்பாலும் மற்றொருவர். பராமரிப்போர் புதிய பதிப்பைப் பொதியாக்குவர். உரிமக் குறிப்பைச் சரிபார்ப்பர். பயனாளர் அனுப்பும் முறைப்பாடுகளுள் மெய்யானவற்றைத் தெரிந்து நிரலாசிரியருக்கு அறிவிப்பர். இதற்குச் சில கருவிகளைப் பயிலுதல் இன்றியமையாதது. ஆயினும் நிரலாக்கத்தில் வல்லுநராதல் வேண்டுமென்பதில்லை. பொறுமையும் ஒழுங்கும் தெளிவாக எழுதும் பழக்கமுமே இப்பணியின் பெரும்பகுதியை நடத்துவன.

பராமரிப்போர் கைவிட்ட பொதியை டெபியன் 'அநாதை' என்றே குறிக்கின்றது. புதியவர் எவரும் அதனை ஏற்க முன்வரலாம். ஆனால் அவர் செய்த வேலையை அனுபவமிக்க உறுப்பினர் ஒருவர் சோதித்த பின்னரே அது களஞ்சியத்திற் சேரும். மொழிபெயர்ப்போரும் விளக்கநூல் எழுதுவோரும் இவ்வமைப்பில் நெடுங்காலமாக உழைத்து வந்தனர். 2010இல் நடைபெற்ற வாக்கெடுப்பில், பொதி கட்டாது பிறவாறு தொண்டாற்றுவோரும் வாக்குரிமையுள்ள உறுப்பினராகலாமென முடிவாயிற்று.

இத்தொண்டு அருகினால் விளையும் தீங்கு யாது? 2024 மார்ச் மாதத்தில் வெளிப்பட்ட நிகழ்ச்சியொன்று விடை தருகின்றது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளை ஊதியமின்றி ஒருவரே பல்லாண்டு தாங்கிவந்தார். உதவுவார்போல் வந்த புனைபெயராளர் ஒருவர் ஈராண்டுக்கு மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்றார். வேறு சிலர் பொறுப்பைக் கைமாற்றுமாறு தனித்துழைத்தவரை நெருக்கினர். பொறுப்புக் கைக்கெட்டியதும் அப்புனைபெயராளர் இரகசியக் கள்ளவாயில் ஒன்றை நிரலிற் புகுத்தினார். தொலைவிலிருந்து கணினியில் நுழைதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஒருவரால் அது வெளிப்பட்டது. டெபியனின் சோதனைப் பதிப்புகளை எட்டியிருந்த அந்நஞ்சு, நிலைப்பதிப்பை அடையுமுன் தடுக்கப்பட்டது.

உலகம் பயன்கொள்ளும் பொருளை ஒருவர் தோளிற் சுமத்துதல் அறமுமன்று, பாதுகாப்புமன்று. முறைப்பாடுகளை வகைப்படுத்தவும் கடிதங்களுக்கு விடையெழுதவும் அருகே சிலர் இருப்பின், தனித்துழைப்பவரின் சுமை குறையும். வருவோரை ஆராய்ந்தறியும் அவகாசமும் அவருக்கு வாய்க்கும். நிரல் எழுதத் தெரியாதோர்க்கும் இக்கரையில் வேலையுண்டு.