வெண்புழுதிப் பாதைகளின் வரலாறு

ஆறுகளுக்கு வரலாறு எழுதியோர் உளர். ஊர்களுக்கு எழுதியோரும் உளர். ஊரையும் விளைநிலத்தையும் இணைக்கும் சிறுபாதைக்கு வரலாறு எழுதியோர் மிகச் சிலரே. மன்னன் அமைத்த பெருவழிக்குக் கல்வெட்டு உண்டு. உழவன் நடந்து நடந்து உண்டாக்கிய வழிக்கு அவன் காலடித் தடமன்றி வேறு சான்று இல்லை. அத்தகைய பாதைகளுள் ஒரு தொகுதியைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகிறது.

பிரான்சு நாட்டின் வடகிழக்கில் சேன், ஓப் என்னும் இரு ஆறுகளின் மேற்பகுதிப் பள்ளத்தாக்குகள் உள்ளன. அங்குள்ள கொடிமுந்திரித் தோட்டங்களினூடே வெண்ணிறச் சரளைப் பாதைகள் வளைந்து செல்கின்றன. அகன்ற சக்கரம் பூட்டிய மிதிவண்டிகளில் அப்பாதைகளில் உலாச் செல்வது அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அதற்குக் 'கிராவல் பைக்கிங்' என்று பெயர். நம் ஊர்களில் சாலை போடுவோர் நாவில் வழங்கும் அதே 'கிராவல்'தான் இது. உலா புதியது; பாதையோ மிகப் பழையது. இப்பாதை எவருடையது என்ற வினாவுக்கு விடை காண்பதே நம் நோக்கமாகும்.

மண்ணும் நீரும்

பாரிசு மாநகரின் நடுவே பாயும் சேன் ஆறு பர்கண்டிக் குன்றுகளில் தோன்றுகிறது. ஷாத்தியோன், பார்-சூர்-சேன், த்ருவா ஆகிய ஊர்களைக் கடந்து வடமேற்கு நோக்கிச் செல்கிறது. லேஞ், ஊர்ஸ் முதலிய சிற்றாறுகள் வழியில் அதனொடு கலக்கின்றன. கிழக்கே ஓடும் ஓப் ஆறு கீழ்ப்பகுதியில் வந்து சேர்கிறது. இவ்வாறுகளுக்கு இடைப்பட்ட குன்றுச் சரிவுகளுக்குக் 'கோட் தே பார்' என்பது பெயர்.

இங்கு மண் வெண்மையானது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி ஆழமற்ற கடலாக இருந்தது. அக்கடலடியில் படிந்த சுண்ணக் களிமண்ணே இன்று கொடிமுந்திரிக்கு உணவாகிறது. காற்புள்ளி வடிவில் சிறிய சிப்பிகள் அம்மண்ணில் கல்லாய்க் கிடக்கின்றன. கோடையில் இப்பாதைகளில் எழும் வெண்புழுதி ஒரு பழங்கடலின் துகள் எனலாம்.

ஓப் பள்ளத்தாக்கில் 1115ஆம் ஆண்டு தூய பெர்னார்து கிளேர்வோ மடத்தை நிறுவினார். சிஸ்தேர்சியத் துறவியர் உழைப்பை வழிபாடாகக் கொண்டோர். திருப்பலிக்கும் தேறல் வேண்டும், விருந்தோம்பலுக்கும் தேறல் வேண்டும் என்பதால் கொடி வளர்ப்பில் அவர்கள் தேர்ச்சி பெற்றனர். கொலோம்பே-லெ-செக் என்னும் சிற்றூரில் அவர்கள் கட்டிய நிலவறை இன்றும் உள்ளது. மடமோ 1808இல் சிறைச்சாலையாக மாறியது. அச்சிறை 2023இல்தான் மூடப்பட்டது.

கவிஞர்களுக்கும் இம்மண் அயலானதன்று. ஆர்தர் மன்னன் கதைகளைக் காவியமாக்கிய 12ஆம் நூற்றாண்டுப் புலவர் கிரெத்தியான் தம் பெயரோடு த்ருவா நகரின் பெயரைச் சேர்த்துக்கொண்டவர். நீரையும் கனவையும் இணைத்து 1942இல் நூல் எழுதிய மெய்யியலார் கஸ்தோன் பஷ்லார் 1884இல் பார்-சூர்-ஓப்பில் பிறந்தவர். சிற்றாறுகள் நிறைந்த நிலத்தில் வளர்ந்தவர் நீரைப் பற்றிச் சிந்தித்ததில் வியப்பில்லை.

பாதை போட்ட கைகள்

கல்லை உடைத்து, பெரியதைக் கீழும் சிறியதை மேலுமாக அடுக்கிச் சாலை போடும் முறையைத் த்ரெசாகே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1775ஆம் ஆண்டளவில் வகுத்தார். அவை அரசப் பெருவழிகள். சிற்றூர்ப் பாதைகளின் நிலை வேறு. 1836இல் இயற்றப்பட்ட சட்டம் அவற்றைப் பேணும் பொறுப்பை ஊர்களிடமே ஒப்படைத்தது. ஊரார் ஆண்டுக்கு மூன்று நாள் வரை பாதைப் பணிக்கு உழைப்பு நல்க வேண்டும் எனவும், இயலாதவர் பணமாகச் செலுத்தலாம் எனவும் அச்சட்டம் விதித்தது. பணம் உள்ளவன் பணம் கொடுத்தான். இல்லாதவன் முதுகை வளைத்தான். பிரான்சின் சிற்றூர்ச் சாலைகளில் பெரும்பகுதி இவ்வாறு மூன்று மூன்று நாள்களாகச் சேர்ந்த உழைப்பினால் உருவானதே.

அதற்கும் கீழ்ப்படியில் இருந்தவை வயற்பாதைகள். அவற்றுக்கென 1881இல் தனிச் சட்டம் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெருஞ்சாலைகளும் ஊர்ச்சாலைகளும் தார் பூண்டன. கொடித்தோட்டத்துக்குள் சென்று முடியும் பாதைகளுக்கு அத்தகைய செலவு தேவை என எவரும் எண்ணவில்லை. வண்டிக்காரரும் கூடை சுமந்தோரும் மட்டுமே சென்ற வழிகள் அவை. எனவே அவை வெண்மையாகவே எஞ்சின. இன்று உலா வருவோர் அழகெனப் போற்றுவது, அன்று சிறியதென ஒதுக்கப்பட்டமையின் விளைவாகும்.

லேஞ் ஆற்றங்கரையில் உள்ள லே ரிஸே என்னும் ஊரின் மேட்டுநிலங்களில் இவ்வுழைப்பின் சின்னங்களைக் காணலாம். தோட்டத்தில் பொறுக்கிய கற்களைச் சாந்து இன்றி அடுக்கிக் கூம்பு போல எழுப்பிய சிறு குடில்கள் அவை. 'கதோல்' என வழங்கப்பெறும். மழைக்கு ஒதுங்கவும் நண்பகல் உணவு உண்ணவும் தோட்டத் தொழிலாளர் அவற்றைக் கட்டினர். கட்டியவர் பெயர் எதிலும் இல்லை.

மிதிவண்டியின் வருகை

முன்சக்கரத்தில் மிதிகட்டை பூட்டிய வண்டி 1860களில் பாரிசில், பியேர் மிஷோ என்பவரின் பட்டறையிலிருந்து பரவியது. மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும் கொண்ட அவ்வண்டி ஏறியவரின் எலும்புகளை உலுக்கியது. 1869 நவம்பர் 7ஆம் நாள் பாரிசிலிருந்து ரூவான் வரை, 123 கி.மீ. தொலைவுக்கு ஒரு போட்டி நடந்தது. அதில் ஜேம்ஸ் மூர் வென்றார். சேன் பள்ளத்தாக்கின் சரளைச் சாலைகளே அவருக்குக் களம்.

பின்னர் மாற்றங்கள் விரைந்து வந்தன. சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டி 1885இலும், டன்லப்பின் காற்றடைத்த சக்கரம் 1888இலும், மிஷ்லேன் உடன்பிறப்புகளின் கழற்றி மாட்டும் டயர் 1891இலும் தோன்றின. காற்றடைத்த டயரே சரளைப் பாதையைப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக்கியது.

அக்காலத்தில் இப்பள்ளத்தாக்கில் மிதிவண்டி ஓட்டியவர்களுள் ஒருவர் ஓவியர் ரெனுவார். அவர் மனைவி அலின் ஊர்ஸ் ஆற்றங்கரை ஊரான எஸ்ஸுவாவைச் சேர்ந்தவர். 1896இல் அவ்வூரில் வீடு வாங்கிய ரெனுவார், 1897 கோடையில் மிதிவண்டியிலிருந்து விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டார். அதன்பின் மூட்டுவாதம் அவரை வாட்டியது. விரல்கள் மடங்கிய முதுமையிலும் அவர் தூரிகையைக் கைவிடவில்லை. அவர் உடல் இன்று எஸ்ஸுவாவில் துயில்கிறது.

மேடுபள்ளமான பாதைக்கு ஏற்ற வண்டி எது என்ற வினாவுக்கு விடை தேடியவர் போல் தெ விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயரால் அறியப்பட்ட இவர் 1887இல் சேன்-எத்தியேன் நகரில் மிதிவண்டி இதழ் ஒன்றைத் தொடங்கினார். ஏற்றத்தில் எளிதாகவும் சமவெளியில் விரைவாகவும் மிதிக்கப் பற்சக்கர விகிதத்தை மாற்றும் அமைப்பு வேண்டும் என ஓயாது வாதிட்டார். 1903இல் பிரான்சு சுற்றுப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்கு இது உடன்பாடில்லை. பற்சக்கரம் மாற்றுவது தசைவலிமைக்கு இழுக்கு என அவர் கருதினார். அப்பந்தயத்தில் அவ்வமைப்புக்கு 1937இல்தான் இடம் கிடைத்தது. வெலோசியோ அதைக் காணாமல் 1930இலேயே மறைந்தார்.

1903ஆம் ஆண்டின் முதற்பந்தயம் ஆறு கட்டங்களில் 2,428 கி.மீ. நீண்டது. புறப்பட்டோர் 60 பேர். முடித்தோர் 21 பேர். அன்று சாலையில் புழுதி இயல்பு. அதற்கெனத் தனிப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

1936 சூனில் பிரெஞ்சு அரசு தொழிலாளருக்கு ஊதியத்துடன் இரு வாரம் விடுப்பு வழங்கும் சட்டத்தை இயற்றியது. அக்கோடையில் ஆலைத் தொழிலாளர் பலர் இருவர் ஓட்டும் மிதிவண்டிகளில் ஆற்றங்கரைகளையும் கடற்கரைகளையும் நோக்கிப் புறப்பட்டனர். அதுவரை வேலைக்குச் செல்லும் கருவியாயிருந்த மிதிவண்டி, ஓய்வுக்குச் செல்லும் ஊர்தியும் ஆயிற்று.

பெயருக்காக ஒரு போராட்டம்

இப்பாதைகளின் வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டு 1911.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலோக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுப்போட்டே தோட்டங்கள் மீட்கப்பட்டன. கடன்பட்டு மீண்டும் நட்ட உழவருக்கு அடுத்த இடி சட்டத்தின் உருவில் வந்தது. 1908 திசம்பரில் 'ஷாம்பேன்' எனப் பெயரிட உரிமையுள்ள நிலப்பரப்பு வரையறுக்கப்பட்டது. மார்ன் மாவட்டமும் ஏன் மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதனுள் அடங்கின. ஓப் மாவட்டம் வெளியே நிறுத்தப்பட்டது. ஷாம்பேன் கோமான்களின் பழந்தலைநகரமே ஓப் மாவட்டத்தின் த்ருவாதான்! தாய்வீட்டுக்கே குடும்பப் பெயர் மறுக்கப்பட்டது போன்ற நிலை அது.

மார்ன் உழவர் மீது பழி சுமத்துவதும் முறையாகாது. வணிகர் சிலர் தொலைவிலிருந்து மலிவான தேறலைக் கொணர்ந்து ஷாம்பேன் எனப் பெயரிட்டு விற்றனர். 1910இல் விளைச்சலும் பொய்த்தது. 1911 சனவரியில் மார்ன் பள்ளத்தாக்கின் உழவர்கள் வண்டிகளை மறித்து அயல்தேறலை ஆற்றில் கொட்டினர். எல்லைக்கோடு அவர்களுக்கு அரண். அதே கோடு ஓப் உழவருக்குச் சிறைச்சுவர். இரு ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் ஏழைகள் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர்.

ஓப் மாவட்டத்தில் ஊர் மன்றத்தினர் கூட்டங்கூட்டமாகப் பதவி விலகினர். வரித்தாள்கள் கொளுத்தப்பட்டன. களைக்கொத்தைத் தோளில் ஏந்திய உழவர் அணிவகுத்து நடந்தனர். 1911 ஏப்ரல் 9ஆம் நாள் பல்லாயிரவர் த்ருவா நகரில் திரண்டனர். இரு நாள் கழித்து மேலவை எல்லைக்கோட்டை நீக்கும்படி பரிந்துரைத்தது. உடனே மார்ன் கொதித்தெழுந்தது. ஏப்ரல் 12 அன்று அயி என்னும் ஊரில் வணிகர் மாளிகைகள் தீக்கிரையாயின. படை வரவழைக்கப்பட்டது. அவ்வாண்டு சூனில் அரசு ஓப் மாவட்டத்துக்கு 'இரண்டாம் வட்டார ஷாம்பேன்' எனப் பெயர் தந்தது. உழைத்தோரை இரண்டாம் தரமாக்கிய பெயர் அது. 1927 சூலைச் சட்டம்தான் அவர்களுக்கு முழுப் பெயரையும் வழங்கியது. ஒரு சொல்லுக்காகப் பத்தொன்பது ஆண்டுகள்! சொல்லின் மதிப்பறிந்த கவிஞர் கூட்டத்துக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று ஷாம்பேன் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கோட் தே பார் குன்றுகளில் உள்ளது. ஷாம்பேன் குன்றுச் சரிவுகளும் நிலவறைகளும் 2015இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் எப்பெர்னே, ரேம்ஸ் முதலிய மார்ன் ஊர்களைச் சார்ந்தவை.

மீண்டும் புழுதிக்கு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தார்ச்சாலை எங்கும் பரவியது. மோட்டார் வண்டி மிதிவண்டியை ஓரம் தள்ளியது. அமைதி நாடிய மிதிவண்டிக்காரர் பழைய தடங்களைத் தேடினர். பர்கண்டியில் கைவிடப்பட்ட இருப்புப்பாதை ஒன்று, ஜிவ்ரி முதல் குளூனி வரை, 1997இல் மிதிவண்டிக்கும் நடப்போருக்குமான பசும்பாதையாயிற்று. கால்வாயோரம் குதிரைகள் படகிழுத்த தடங்களும் அவ்வாறே மாறின. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய நெடுந்தொலைவுச் சரளைப் பந்தயம் இவ்வகை உலாவுக்கு உலகறிந்த பெயர் தேடித் தந்தது. 40 மி.மீ. அளவு அகன்ற டயர், அதில் குறைந்த காற்றழுத்தம், தட்டுத் தடுப்பு, ஏற்றத்துக்கான சிறு பற்சக்கரம் ஆகியவை சேர்ந்ததே கிராவல் மிதிவண்டி. வெலோசியோ கண்டிருந்தால் தம் கனவு நனவானதென மகிழ்ந்திருப்பார்.

கோட் தே பார் பாதைகளில் பிரான்சு சுற்றுப் பந்தயத்தை முதலில் ஓட்டிக் காட்டியோர் பெண்களே. 2022 சூலையில் பெண்களுக்கான பந்தயம் த்ருவாவிலிருந்து பார்-சூர்-ஓப் வரை நடந்தபோது நான்கு இடங்களில் வெண்பாதை வந்தது; மார்லென் ராய்சர் வென்றார். ஆடவர் பந்தயம் 2024 சூலை 7ஆம் நாள் அங்கு வந்தது. த்ருவாவில் தொடங்கி த்ருவாவிலேயே முடிந்த 199 கி.மீ. ஓட்டத்தில் 14 பகுதிகளாக 32.2 கி.மீ. சரளைப் பாதை இருந்தது. பிரெஞ்சு வீரர் அந்தோணி துர்ஜிஸ் வென்றார். இத்தகைய பாதை பெரும்பந்தயத்துக்குப் பொருந்துமா என்ற வாதமும் எழுந்தது. 1903இல் ஓட்டியவர்கள் அவ்வாதத்தைக் கேட்டால் நகைத்திருப்பார்கள்.

நிறைவாக

இப்பாதை எவருடையது? துறவியின் கொத்தும், மூன்று நாள் கட்டாய உழைப்பும், பெயர் கேட்டு நடந்த உழவரின் கால்களும் இதை உண்டாக்கின. வெற்றிக்கொடி நாட்டிய வீரர் ஒரு நாள் அதில் சென்றார். செப்டம்பரில் அறுவடைக் காலத்தில் அவ்வழியே உலாச் செல்வோர், பழக்கூடை ஏற்றி வரும் டிராக்டருக்கு வழிவிட்டு ஓரம் நிற்பது நாகரிகம் மட்டுமன்று. உரிமையாளர் யார் என்பதை ஒப்புக்கொள்ளும் செயலுமாகும்.

நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு வாழ்வைப் பாடியது நம் மரபு. அந்நிலத்தின் தொழிலும் தொழில் செய்வோரும் அதன் கருப்பொருள்கள். அழகிய பள்ளத்தாக்கு எதைக் கண்டாலும், அதன் பாதையைப் போட்ட கைகள் எவை என்று கேட்கும் பழக்கம் கவிஞனுக்கு வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் இத்தகைய வினாக்களை மேன்மேலும் எழுப்பி வளர்க என வாழ்த்துகிறேன்.